எங்கள் ஊராட்சியின் கடைசி வருஷம்



முதலில் ஒரு சின்னக் கேள்வி. பிரதமர் பெயர் உங்களுக்குத் தெரியும். முதலமைச்சர் பெயர் தெரியும். கிரிக்கெட் அணியில் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு ஓடுகிற பன்னிரண்டாவது ஆள் பெயர்கூட நம்ம ஹாஸ்டல் பசங்களுக்கு அத்துப்படி. உங்கள் ஊரில், உங்கள் தெருவுக்கு வார்டு உறுப்பினராக இருந்தவர் பெயர் தெரியுமா? தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம்!

எனக்குத் தெரியும். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அவர் என் அம்மா.

மலர்க்குழு நண்பன் வந்து, "கட்டுரை ஒண்ணு குடுடா, ராக்கெட்டு, ரோபோன்னு ஏதாவது எழுது" என்றான். அதையெல்லாம் எழுத நம் கல்லூரியில் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது மூன்று அங்குல கேட் வால்வு ஒன்றைப் பற்றி. அந்த வால்வைப் பொருத்துவதற்கு ஒரு ஊராட்சி மன்றம் பட்ட பாட்டைப் பற்றி. சிரிக்காமல் படியுங்கள்!

நாலு சீட்டு, நாலு நிறம்

எங்கள் ஊர் கடலூர் மாவட்டத்தில், தென்பெண்ணை ஆற்றின் தென்கரையில் இருக்கிறது. சுமார் 450 வீடுகள், 1,800 ஜனங்கள். கரும்பு, நெல், கொஞ்சம் மல்லாட்டை. ஊர் என்றால் மேலத்தெரு, நடுத்தெரு, கோயில் தெரு. வாய்க்காலைத் தாண்டி அரை கிலோமீட்டர் கிழக்கே போனால் எங்கள் தெரு. அதற்கு ஒரு பெயர் உண்டு என்றாலும் எல்லோர் வாயிலும் அது 'காலனி'தான். அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லையே நீக்கப் போவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். நல்லது, சொல் போகட்டும். ஆனால் சொல்லோடு சேர்ந்து போக வேண்டியவை இன்னும் நிறைய இருக்கின்றன. அதில் ஒன்றுதான் இந்தத் தண்ணீர்க் கதை.

2019 டிசம்பர் 27, 30 ஆகிய தேதிகளில் தமிழ்நாட்டின் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஒவ்வொரு வாக்காளர் கையிலும் நாலு சீட்டு. எங்கள் வார்டில் உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் திருத்தப்பட்டிருந்ததால் எங்கள் வார்டு பெண்கள் வார்டு ஆனது. தலைவர் பதவியும் பெண்ணுக்கே. "நீ நின்னா என்ன? நாங்க இருக்கோம்" என்று மகளிர் குழு அக்காமார்கள் அம்மாவைத் தள்ளிவிட்டார்கள். கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்த அம்மா பதினொரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2020 ஜனவரி 6-ஆம் தேதி பதவிப் பிரமாணம். அன்று முதல் அவர் பெயரே மறந்துபோய், ஊருக்கெல்லாம் 'மெம்பரு' ஆகிவிட்டார்.

பெண்கள் ஜெயித்தால் புருஷன்மார்கள் நாற்காலியில் உட்காருவார்கள் என்று கேலி பேசுவது வழக்கம். எங்கள் ஊரிலும் முதல் கூட்டத்துக்கு நாலைந்து புருஷன்மார்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து உட்காரத்தான் செய்தார்கள். தலைவரம்மா எழுந்து, "ஜெயிச்சவங்க மட்டும் உள்ள இருங்க. மத்தவங்க வெளிய டீ சொல்லியிருக்கேன், குடிங்க" என்றாராம். டீ ஆறிப்போனதுதான் மிச்சம் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

உத்திரமேரூர் கல்வெட்டைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டியது. குடத்தில் ஓலை போட்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி வர முடியாது என்று விதி வைத்திருந்தார்கள். படிக்கும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே கல்வெட்டின்படி உறுப்பினராகக் கால்வேலிக்கு மேல் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். என் அம்மா அந்தக் குடத்துப் பக்கமே போயிருக்க முடியாது! 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம்தான் அவரைக் கூப்பிட்டு நாற்காலி போட்டது. ஆகவே எனக்குப் பராந்தகனைவிட அந்தச் சட்டத்தின் மேல் பிரியம் அதிகம்.

பணம் எங்கே இருக்கிறது?

"ஊராட்சியில கோடி கோடியா வருதாம்ல?" என்று ஹாஸ்டலில் ஒருவன் கேட்டான். கேட்டவன் கம்ப்யூட்டர் பிரிவு, மன்னித்து விட்டேன்.

வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் - இவை ஊராட்சியே வசூலிக்கும் பணம். இதற்கு மேல் மாநில நிதிக்குழு மானியமும் மத்திய நிதிக்குழு மானியமும் வரும். பதினைந்தாவது நிதிக்குழு கொடுத்த மானியத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும் என்று கட்டு. வருகிற பணத்தில் முதலில் தெருவிளக்குக்கும் மோட்டாருக்கும் கரண்ட் பில் கட்ட வேண்டும். பிறகு தொட்டி ஆப்பரேட்டர், தூய்மைப் பணியாளர், தூய்மைக் காவலர் சம்பளம். மிச்சத்தில்தான் உடைந்த குழாய், அடைத்த சாக்கடை, சுடுகாட்டுப் பாதை எல்லாம். பணம் எடுக்கத் தலைவர், துணைத்தலைவர் இரண்டு பேருடைய ஒப்புதலும் தேவை. ஒருவர் முறைத்துக்கொண்டால் அந்த ஊரில் பல்பு கூட மாற்ற முடியாது.

அப்படிப்பட்ட மன்றத்துக்கு 2024 கடைசி முழு வருஷம். ஐந்து வருஷத்தில் இரண்டை கொரோனா தின்றுவிட்டது. வருஷத் தொடக்கத்திலேயே தலைவரம்மா சொன்னாராம்: "இன்னும் பன்னெண்டு மாசம். பெருசா ஆசைப்பட வேண்டாம். ஆரம்பிச்சதை முடிப்போம்."

ஜனவரி 26 கிராம சபையில் பழைய கணக்கு வாசித்தார்கள். பிப்ரவரி முழுக்க வீட்டு வரி வசூல். மார்ச் 16-ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்து நடத்தை விதி அமலானது. புது வேலை எதுவும் தொடங்கக் கூடாது. மார்ச் 22, மே 1 கிராம சபைகள் நடக்கவில்லை. ஏப்ரல் 19 ஓட்டுப் போட்டோம். ஜூன் 6-ஆம் தேதிதான் விதி விலகியது. ஆக, பன்னிரண்டு மாசத்தில் மூன்று மாசம் கைகட்டி நின்றதிலேயே போய்விட்டது!

அதற்குப் பிறகு வேலை வேகம் பிடித்தது. நூறு நாள் வேலையில் (அந்த வருஷம் தமிழ்நாட்டுக்கு ஒரு நாள் கூலி 319 ரூபாய்) வாய்க்கால் தூர் வாரினார்கள். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துக்குக் குடிசைகளைக் கணக்கெடுத்தார்கள். 360 சதுர அடி வீடு, மூன்றரை லட்சம் ரூபாய். யாருக்கு முதலில் என்பதில் நடந்த சண்டையை எழுதினால் தனி மலர் போட வேண்டியிருக்கும். கோயில் தெருவில் எரியாத ஒன்பது விளக்கை எரிய வைத்தார்கள். பள்ளிக்கூடக் கழிப்பறைக்குக் கதவு மாட்டினார்கள். இதையெல்லாம் யாரும் பேப்பரில் போட மாட்டார்கள். எட்டாவது படிக்கிற பெண் பிள்ளையைக் கேட்டால், கதவின் அருமையைச் சொல்லும்.

குடமும் ஸ்டாப்வாட்சும்

இனி நம்ம தொழிலுக்கு வருவோம்.

2022-இல் ஜல் ஜீவன் திட்டத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு குழாய் போட்டார்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது அந்தத் திட்டத்தின் கணக்கு. குழாய் வந்தது. படம் எடுத்தார்கள். தண்ணீர் மட்டும் வரவில்லை! வந்தாலும் நூல் மாதிரி வரும். ஒரு குடம் நிறைவதற்குள் உலை கொதித்து அடங்கிவிடும். பெண்கள் பழையபடி வாய்க்கால் தாண்டி நடுத்தெரு பொதுக் குழாய்க்குப் போவார்கள். அங்கே வரிசையில் நிற்கும்போது கேட்க வேண்டிய பேச்சுகளைப் பற்றி இங்கே எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

"காலனி மேட்டுல இருக்கு, தண்ணி ஏறாது" என்பது ஊர்ப் பேச்சு. நாலு வருஷமாக அம்மா கூட்டத்தில் கேட்பார், இந்தப் பதிலே வரும். ஜூலை மாசம் நான் லீவில் போயிருந்தபோது அம்மா கேட்டார்: "நீ என்னமோ தண்ணி, பைப்பு, கட்டடம்னுதானே படிக்கிற? ஏன் வரலைன்னு கண்டுபிடிச்சு சொல்லு பாப்போம்."

நானும் தெரு நண்பர்கள் இரண்டு பேரும் கிளம்பினோம். கருவி என்ன தெரியுமா? பதினைந்து லிட்டர் பிளாஸ்டிக் குடம் ஒன்று, போனில் இருக்கிற ஸ்டாப்வாட்ச், கணக்கு நோட்டு. அவ்வளவுதான். தொட்டியிலிருந்து எங்கள் தெரு கடைசி வரை பன்னிரண்டு குழாய்களில், மூன்று நாள் காலையில், குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்தோம். பிறகு ஹைட்ராலிக்ஸ் லேபில் கலெக்டிங் டேங்க் பக்கத்தில் ஸ்டாப்வாட்சோடு நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைத்தானே அங்கே குடத்தை வைத்துச் செய்தோம்!

மேலத்தெரு முதல் குழாயில் குடம் நிறைய 40 விநாடி. நடுத்தெருவில் 1 நிமிடம் 10 விநாடி. எங்கள் தெரு முதல் குழாயில் 4 நிமிடம். கடைசிக் குழாயில் 6 நிமிடம். அதாவது மேலத்தெருவில் நிமிடத்துக்கு இருபத்திரண்டரை லிட்டர், எங்கள் கடைசி வீட்டில் இரண்டரை லிட்டர். குழாய் நீள நீள உராய்வில் அழுத்தம் குறையும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் இவ்வளவு குறையுமா?

மூன்றாம் நாள் காலை ஒரு அதிசயம் நடந்தது. நாங்கள் கடைசிக் குழாயில் குடம் வைத்திருந்தபோது ஊரில் கரண்ட் போய்விட்டது. போனதுதான் தாமதம், குழாயில் தண்ணீர் சடசடவென்று கொட்டியது. ஆறு நிமிடக் குடம் இரண்டு நிமிடத்தில் நிறைந்தது!

புரிந்துவிட்டதா? மேல்நிலைத் தொட்டித் தண்ணீருக்குக் கரண்ட் தேவையில்லை, தானாக இறங்கி வரும். கரண்ட் போனதால் நின்றது வேறு ஒன்று. ஊருக்குள் பல வீடுகளில் குழாய் இணைப்பிலேயே அரை எச்.பி. மோட்டாரை மாட்டி உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. தெருவுக்குத் தெரு போய் அந்தச் சத்தத்தைக் கேட்டு எண்ணினோம். முப்பத்தொரு மோட்டார்.

ஆகஸ்டு 15

அந்த வருஷம் சுதந்திர தின கிராம சபை பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. எங்கள் ஊர் ஜனத்தொகைக்கு நூறு பேராவது வந்தால்தான் சபை செல்லும். வழக்கமாக மிட்டாய் கொடுத்து ஆள் சேர்க்க வேண்டியிருக்கும். அன்று எங்கள் தெருப் பெண்கள் மட்டுமே ஐம்பது பேருக்கு மேல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

அம்மா நோட்டைப் பிரித்து, ஒவ்வொரு குழாயாக, நிமிடம் விநாடியோடு வாசித்தார். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. எண்களில் தடுமாறவில்லை. வீட்டில் மூன்று தடவை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

பின்னாலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, "ஏம்மா, காலனி மேடு. தண்ணி எப்படி ஏறும்? அது இயற்கை" என்றார்.

அம்மா நோட்டை மூடிவிட்டுக் கேட்டார்: "கரண்ட் போனா மட்டும் எப்படிங்க ஏறுச்சு?"

கூட்டம் ஒரு விநாடி விழித்தது. பிறகு சிரிப்பு கிளம்பியது. மோட்டார் வைத்திருந்தவர்கள் வீட்டுப் பெண்களே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சிரிப்போடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. மோட்டாரைப் பிடுங்கு என்று யார் யாரிடம் சொல்வது? ஓட்டுப் போட்டவர்கள், உறவுக்காரர்கள், பங்காளிகள். துணைத்தலைவருடைய அண்ணன் வீட்டிலும் ஒன்று இருந்தது. முகங்கள் இறுகிப் போயின. அப்போது தலைவரம்மா மைக்கை வாங்கினார்.

"எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு. எங்க மாமனார் காலத்துல மாட்டினது. நாளைக்குக் காலையில கழட்டிடுறேன். ஆப்பரேட்டர் வந்து பாத்துக்கலாம். மத்தவங்களுக்கு பதினஞ்சு நாள் டைம்."

அப்படியே தீர்மானம் போட்டார்கள். ஒன்று, குழாயில் நேரடியாக மாட்டிய மோட்டார்களைப் பதினைந்து நாளில் எடுக்க வேண்டும். இரண்டு, வாய்க்கால் ஓரத்தில் எங்கள் தெருவுக்குப் போகிற கிளைக் குழாயைப் பிரித்துத் தனியாக வால்வு போட வேண்டும். ஊருக்குள்ளும் வால்வு வைத்து முறை பிரிக்க வேண்டும். மூன்று, தினமும் காலை ஐந்தரை முதல் ஆறரை வரை எங்கள் தெருவுக்குத்தான் முதல் தண்ணீர். கடைசியில் இருப்பவருக்கு முதலில் கொடுத்தால் எல்லோருக்கும் போய்ச் சேரும் என்பது தொட்டி ஆப்பரேட்டர் அண்ணன் சொன்ன யோசனை. அவர் பாலிடெக்னிக் படித்தவர் இல்லை. அந்தக் குழாய்களோடு இருபது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவர்.

மறுநாள் தலைவரம்மா வீட்டு மோட்டார் திண்ணைக்கு வந்துவிட்டது. அதைப் பார்த்து மற்ற வீட்டு மோட்டார்களும் ஒவ்வொன்றாக இறங்கின. மூன்று வீட்டில் மட்டும் கடைசி வரை எடுக்கவே இல்லை. பொய் சொல்வானேன், எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று எழுத இது சினிமா இல்லையே!

வால்வு வேலைக்கான பணத்துக்குத் துணைத்தலைவர் ஒப்புதல் மூன்று வாரம் தள்ளிப்போனது. இன்றைக்கு ஆள் ஊரில் இல்லை, நாளைக்கு உடம்பு சரியில்லை. அம்மா தினமும் சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். சண்டை போடவில்லை, கேட்கக்கூட இல்லை. சும்மா உட்கார்ந்துவிட்டு வருவார். மூன்றாவது வாரம் அந்த வீட்டு அம்மாவே உள்ளே போய் ஏதோ சொன்னார்களாம். செப்டம்பர் மாசக் கூட்டத்தில் வேலை நிறைவேறியது. பள்ளம் தோண்டி, வால்வு பொருத்தி, சுற்றிச் செங்கல் கட்டி, மேலே சிலாப் மூடி போட்டார்கள். மொத்தம் நாலு நாள் வேலை!

அக்டோபர் 2 கிராம சபையில் செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டது. அன்று காலை எங்கள் தெருக் கடைசிக் குழாயில் குடம் நிறைந்த நேரம்: 1 நிமிடம் 50 விநாடி. நோட்டில் அதையும் எழுதி வைத்தேன். நடுத்தெரு பொதுக் குழாய்க்கு எங்கள் தெருப் பெண்கள் யாரும் அதற்குப் பிறகு போகவில்லை.

பெண்ணையாறு கேட்ட கணக்கு

நவம்பர் 1-ஆம் தேதி நடக்க வேண்டிய கிராம சபை, தீபாவளியை ஒட்டி வந்ததால் 23-ஆம் தேதி நடந்தது. அதுதான் எங்கள் மன்றம் கூட்டிய கடைசிக் கிராம சபை. ஒரு வாரத்தில் ஃபெஞ்சல் புயல் வந்தது.

நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே புயல் கரை கடந்தது. மழை விடாமல் கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறந்தார்கள். அது வந்து சேர வேண்டியது எங்கள் ஆறு வழியாகத்தான்.

முந்தின நாள் சாயங்காலமே ஆப்பரேட்டர் அண்ணன் இரண்டு காரியம் செய்தார். கரண்ட் இருக்கும்போதே மோட்டாரை ஓட்டி அறுபதாயிரம் லிட்டர் தொட்டியை வழிய வழிய நிரப்பினார். பிறகு மோட்டார் அறையிலிருந்த ஸ்டார்ட்டர் பேனல் போர்டைக் கழற்றித் தலையில் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட மாடியில் வைத்தார். மோட்டார் ஆழ்குழாய்க்குள் கிடக்கிறது, அதற்குத் தண்ணீர் பயமில்லை. பேனல் போர்டு நனைந்தால்தான் வேலை முடிந்தது. நம்ம எலெக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரவு தலைவரம்மாவும் வி.ஏ.ஓ.வும் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போனார்கள். மைக் சத்தத்துக்கு எழாதவர்களை அம்மா கதவைத் தட்டி எழுப்பினார். எந்த வீட்டில் நடக்க முடியாத கிழவி இருக்கிறார், எந்த வீட்டில் மாசமாக இருக்கிற பெண் இருக்கிறாள் என்று பேப்பர் பார்க்காமல் மெம்பருக்குத் தெரியும். விடிவதற்குள் எங்கள் தெருவும் கோயில் தெருவில் பாதியும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டன. காலையில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். இரண்டு மண்வீட்டுச் சுவர்கள் விழுந்தன. ஆடு கோழி போயின. ஊரில் மனித உயிர் ஒன்றும் போகவில்லை.

மூன்று நாள் கரண்ட் இல்லை. சுற்றிலும் வெள்ளம், குடிக்கத் தண்ணீர் இல்லை. இருந்தது தொட்டியில் நிரப்பிய அறுபதாயிரம் லிட்டர் மட்டும். 450 வீட்டுக்குப் பங்கு வைத்தால் வீட்டுக்கு 133 லிட்டர், அதாவது ஏறக்குறைய ஒன்பது குடம். மூன்று நாளைக்கு வைத்தால் நாளுக்கு மூன்று குடம். ஆப்பரேட்டர் அண்ணன் வால்வுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்தை மூடி ஒரு பக்கத்தைத் திறந்து, முறை வைத்து விட்டார். பள்ளிக்கூடத்தில் இருந்தவர்களுக்கும் அதிலிருந்துதான் சமையல்.

செப்டம்பரில் அந்த வால்வு வேலை நடக்காமல் போயிருந்தால்? முதல் நாள் காலையிலேயே தொட்டிக்குப் பக்கத்து வீடுகளில் அண்டா குண்டாவெல்லாம் நிறைந்து தொட்டி காலியாகியிருக்கும். யாரையும் குறை சொல்ல முடியாது, பயத்தில் எல்லோரும் பிடித்து வைப்பார்கள். நாலு நாள் வேலையில் பொருத்திய ஒரு வால்வு அந்த மூன்று நாளும் ஊருக்குச் சண்டையில்லாமல் தண்ணீர் ஊற்றியது. பாக்கியிருந்த மூன்று மோட்டார்களும் கரண்ட் இல்லாமல் ஊமையாகக் கிடந்தன!

வெள்ளம் வடிந்ததும் சேறு அள்ளினார்கள். பிளீச்சிங் பவுடர் தெளித்தார்கள். தொட்டியைக் கழுவிக் குளோரின் கலந்தார்கள். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் வீட்டுக் குழாய்தான் அந்தக் கடைசிக் குழாய். சோதனைக் குழாயில் மஞ்சள் நிறம் தெரிகிறதா என்று அம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் மறக்க மாட்டேன்.

ஜனவரி 5

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு மன்றத்தின் காலம் முடிந்தது. எங்கள் மாவட்டத்தையும் சேர்த்து 28 மாவட்டங்களில் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். 2025 முழுவதும் எங்கள் ஊருக்குத் தேர்ந்தெடுத்த தலைவரும் கிடையாது, மெம்பரும் கிடையாது. இது புதிதும் இல்லை. 2016 அக்டோபரிலிருந்து 2019 முடிவு வரை மூன்று வருஷத்துக்கு மேல் இப்படித்தான் கிடந்தது.

தனி அலுவலர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு ஒன்றியம் முழுக்கப் பல பத்து ஊராட்சிகள். எங்கள் தெருக் கடைசிக் குழாய் அவருக்கு ஒரு கோப்பு. 2025 மே மாசம் வாய்க்கால் ஓரத்தில் குழாய் உடைந்தது. மனு எழுதி, ஆபீசுக்கு இரண்டு தடவை பஸ் ஏறி, சரியாக எட்டு நாள் ஆனது. முன்பானால் அம்மா ராத்திரியே ஆப்பரேட்டர் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார். அப்படியும் மனுவை எடுத்துக்கொண்டு போனது யார்? அம்மாதான். "பதவிதான் போச்சு, தாகம் போச்சா?" என்கிறார். தெருவில் இன்னமும் 'மெம்பரு' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

நமக்கு என்ன வேலை?

நண்பர்களே, மந்திரி மாறினால் பேப்பரில் தலைப்புச் செய்தி. வார்டு உறுப்பினர் இல்லாமல் போனால் யாருக்கும் தெரிவதில்லை, குழாய் உடைகிற வரைக்கும்! தட்டுவதற்கு ஒரு கதவு இருக்க வேண்டும். அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பவர் அடுத்த தேர்தலில் நம்மிடம் வந்து நிற்க வேண்டியவராக இருக்க வேண்டும். ஊராட்சி என்றால் இவ்வளவுதான் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

நம்மைப் போன்றவர்களுக்கு அங்கே வேலை இல்லை என்று நினைக்காதீர்கள். குத்தம்பாக்கத்தில் 1996-இல் தலைவராக வந்த இளங்கோ வேதியியல் பொறியாளர். வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தவர். மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி, 2006-இல் வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலையே வைத்து, மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. காற்றாலை எல்லா ஊருக்கும் வேண்டாம். குடமும் ஸ்டாப்வாட்சும் போதும்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை என்று 2022-இல் ஆக்கினார்கள். தனி அலுவலர் காலத்திலும், 2025-லும் அது நடந்தது. தேதி சில சமயம் முன்பின் ஆகும், விசாரித்துக்கொள்ளுங்கள். இதில் சில நாள் நமக்கு விடுமுறை. ஊருக்குப் போகிறவர்கள் மத்தியானம் வரை தூங்காமல் சபையில் போய் உட்காருங்கள். எஸ்டிமேட்டை வாங்கிப் பாருங்கள். எத்தனை மீட்டர் பைப், எத்தனை மூட்டை சிமென்ட், எந்த விகிதக் கலவை என்று படிக்கத் தெரிந்தவர் அந்தக் கூட்டத்தில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். நமக்கு மூன்று வருஷம் சொல்லிக் கொடுத்தது பரீட்சைக்கு மட்டுமா?

போகும்போது நோட்டும் பேனாவும் மறக்க வேண்டாம். உங்கள் தெருக் கடைசிக் குழாயில் ஒரு குடம் நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று முதலில் பார்த்து எழுதுங்கள். மற்றதைச் சபையில் பேசிக்கொள்ளலாம்.

- இறுதியாண்டு மாணவன், அமைப்பியல் பிரிவு